வெள்ளைப் பொடியின் பெயர் என்ன?

2021 செப்டம்பரில், குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்துக்கு வந்த இரண்டு கன்டெய்னர்களை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரக அதிகாரிகள் திறந்தார்கள். ஆப்கானிஸ்தானில் ஏற்றப்பட்டு, ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் வழியாக வந்த சரக்கு அது. ஆவணங்களில் ‘பாதி பதப்படுத்திய டால்க் கல்’ என்று எழுதியிருந்தது. பெரிய சாக்குகளின் மேல்பகுதியில் டால்க் கற்கள்தான் இருந்தன. அடியில் இருந்தது வேறு. காந்திநகர் தடயவியல் வல்லுநர்கள் சோதித்துச் சொன்ன பிறகே அதற்குப் பெயர் கிடைத்தது: ஹெராயின். எடை 2,988 கிலோ.

டால்க், மாவு, பொடித்த சர்க்கரை, நொறுக்கிய பாராசிட்டமால், ஹெராயின், கொக்கேன் எல்லாவற்றையும் தனித்தனித் தாளில் கொட்டி வைத்தால் பார்வையால் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு பொடி பிடிபட்டவுடன் நீதிமன்றமும் மருத்துவமனையும் கேட்கும் கேள்விகளோ பல. இதில் போதைப்பொருள் இருக்கிறதா? இருந்தால் எது? எவ்வளவு? எங்கே விளைந்தது? இன்னார் உடலுக்குள் இது சென்றதா? ஒவ்வொரு கேள்விக்கும் தனி முறை உண்டு. எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லும் ஒரே சோதனை என்று எதுவும் இல்லை. இருப்பதாக நம்பிய இடங்களில் குற்றமற்றவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

நஞ்சைத் தேடிய காலம்

போதைப்பொருள் ஆய்வு, நஞ்சு ஆய்விலிருந்து பிறந்தது. ஆர்சனிக் போன்ற நஞ்சுகளை 1830களிலேயே பிரேதத்திலிருந்து மீட்டு நீதிமன்றத்தில் காட்ட முடிந்தது. மார்ஃபின், நிகோடின், ஸ்டிரிக்னைன் போன்ற தாவர ஆல்கலாய்டுகளின் கதை வேறு. உடலின் கொழுப்போடும் புரதத்தோடும் கலந்துவிட்டால் அவற்றை வெளியே எடுக்க வழி தெரியாமல் வேதியியலாளர்கள் திணறினார்கள்.

வழியைத் திறந்தது பெல்ஜியத்தில் 1850இல் நடந்த ஒரு கொலை. போகார்மே பிரபு தன் மைத்துனரை நிகோடினால் கொன்றார் என்பது வழக்கு. இறந்தவரின் உறுப்புகள் பிரஸ்ஸல்ஸில் இருந்த ஜான் செர்வே ஸ்டாஸ் என்ற வேதியியலாளரிடம் போயின. ஆல்கலாய்டுகளுக்கு ஓர் இயல்பு உண்டு. அமிலச் சூழலில் அவை நீரில் கரையும். காரச் சூழலில் நீரை விட்டு ஈதர் போன்ற கரைப்பானுக்குத் தாவும். இந்தத் தாவலைப் பயன்படுத்தி உறுப்புக் கூழிலிருந்து நிகோடினைத் தனியே பிரித்துக் காட்டினார் ஸ்டாஸ். 1851இல் பிரபு கில்லட்டினில் தலை இழந்தார். பின்னர் ஃபிரீட்ரிக் யூலியஸ் ஓட்டோ அந்த முறையைச் செம்மைப்படுத்தினார். இன்றும் சிறுநீரிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ மார்ஃபினைப் பிரிக்கும் ஆய்வாளர் அதே அமில-காரத் தாவலைத்தான் நம்புகிறார். ஈதர் குடுவைக்குப் பதிலாகச் சின்ன பிளாஸ்டிக் குழாய் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கொலைக்கு ஓராண்டு முன்பே, 1849இல், சென்னை மாகாணத்தில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கப்பட்டுவிட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது அதுதான். கல்கத்தாவில் 1853இலும், ஆக்ராவில் 1864இலும், பம்பாயில் 1870இலும் மற்றவை வந்தன. இன்றைய தமிழ்நாடு தடயவியல் துறை அந்தச் சென்னை ஆய்வகத்தின் வழிவந்தது.

நிறம் சொல்லும் முதல் சேதி

1896இல், இன்று எஸ்தோனியாவில் இருக்கும் தோர்பாட் நகரப் பல்கலைக்கழகத்தில் எட்வார்ட் மார்க்விஸ் ஒரு கலவையை உருவாக்கினார். ஃபார்மால்டிஹைடும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தது. அதில் ஒரு துளி மார்ஃபின் மேலோ ஹெராயின் மேலோ விழுந்தால் ஊதா நிறம் எழும். ஆம்பெட்டமைன் வகைகள் ஆரஞ்சாகிப் பழுப்பாகும். ‘எக்ஸ்டசி’ மாத்திரைகளில் இருக்கும் எம்டிஎம்ஏ கருமை கலந்த ஊதாவாகும். நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் ‘மார்க்விஸ்’ இல்லாத போதைப்பொருள் சோதனைப் பெட்டி அரிது.

கொக்கேனுக்குக் கோபால்ட் தயோசயனேட் கரைசல். பொடி பட்டதும் நீலமாகும். மாயத்தோற்றம் தரும் எல்எஸ்டிக்கு ஏர்லிக் கரைசல்; ஊதாவாகும். கஞ்சாவுக்கு டுகெனுவா-லெவின் சோதனை. வனிலின் கலந்த கரைசலோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் ஊதா வரும். அந்த நிறம் குளோரோஃபார்ம் அடுக்குக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இவற்றுக்கு மின்சாரம் வேண்டாம், பெரிய பயிற்சி வேண்டாம். சோதனைச்சாவடியிலேயே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே இருக்கிறது? நிறம் ஒரு மூலக்கூறுக்கு மட்டும் சொந்தமானதல்ல. மூலக்கூறின் ஏதோ ஒரு பகுதிதான் வேதிப்பொருளோடு வினைபுரிந்து நிறம் தருகிறது. அதே பகுதி வேறு எந்த மருந்தில் இருந்தாலும் அதே நிறமோ அதை ஒத்த நிறமோ வரலாம். பல் மருத்துவர் மரத்துப்போகப் போடும் லிடோகெய்னும், ஒவ்வாமைக்குத் தரும் டைபென்ஹைட்ரமினும் கோபால்ட் கரைசலை நீலமாக்கக் கூடியவை. அதனால்தான் 1973இல் இந்தச் சோதனையை மூன்று படிகளாக நீட்டினார்கள்: முதலில் நீலம், அமிலம் சேர்த்தால் இளஞ்சிவப்பு, பிறகு குளோரோஃபார்ம் அடுக்கில் மீண்டும் நீலம். பொய்ச் சேதிகள் குறைந்தன, மறையவில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் இதற்குக் கொடுத்த விலை பெரிது. காரை நிறுத்திச் சோதிக்கும் போலீஸ்காரர், மலிவான பிளாஸ்டிக் பையில் அடைத்த நிறச் சோதனையைச் செய்வார். நிறம் மாறினால் கைது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சில வாரம் சிறை, மறுத்து வழக்காடினால் ஆண்டுக்கணக்கு என்ற நிலையில் ஏழைகள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். அதன்பிறகு பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து ஆய்வகம் அதே பொருளைச் சோதித்தபோது, அதில் போதைப்பொருளே இல்லை என்று தெரிந்தது. 2004க்குப் பிந்தைய சுமார் பத்தாண்டுகளில், ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் மாவட்டத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இப்படித் தண்டனை பெற்றதை 2016இல் பத்திரிகைப் புலனாய்வு ஒன்று வெளிக்கொணர்ந்தது. 2017இல் அந்நகரக் காவல்துறை வீதியில் இச்சோதனையைச் செய்வதை நிறுத்தியது.

இவ்வளவுக்கும் அந்தக் கரைசல்கள் மேல் பழி இல்லை. ‘மேலும் சோதிக்க வேண்டிய பொருள்’ என்று சொல்லத்தான் அவை உருவாக்கப்பட்டன. தீர்ப்பாக அவற்றை வாசித்தவர்கள் மனிதர்கள்.

முதலில் பிரி, பிறகு பெயர் சொல்

தெருவில் விற்கும் போதைப்பொருள் தனியாக இருப்பதே இல்லை. ஹெராயினோடு காஃபினும் பாராசிட்டமாலும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். அபினிலிருந்து கூடவே வந்த பாப்பவெரின், நோஸ்கபின் போன்றவையும் இருக்கும். இந்தக் கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காண வேண்டுமானால் முதலில் அவரைத் தனியாக நிறுத்த வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது குரோமட்டோகிராபி. நம் பாடநூல்கள் வண்ணப்பிரிகை என்று சொல்லும் முறை. இலைகளின் நிறமிகளை ஆராய்ந்த ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் த்ஸ்வெத் 1903இல் இதை வார்சாவில் விளக்கினார். சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, மேலிருந்து கரைப்பானை விட்டபோது பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து இறங்கின. திருவிழா நாளில் ஒரே நேரத்தில் கடைத்தெருவுக்குள் நுழையும் கூட்டம் மறுமுனைக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. வளையல் கடையில் நிற்பவர் பின்தங்குவார், எதிலும் நிற்காதவர் முன்னே போய்விடுவார். மூலக்கூறுகளும் அப்படித்தான் பிரிகின்றன: குழாயில் அடைத்த பொருளோடு அதிகம் ஒட்டுவது தாமதமாகவும், ஒட்டாதது சீக்கிரமாகவும் வெளியே வருகிறது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழில் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிஞ்சும் 1941இல் இதைப் பெரிதும் முன்னெடுத்தார்கள். 1952இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ட்டின், அந்தோனி ஜேம்ஸோடு சேர்ந்து, கரைப்பானுக்குப் பதிலாக வாயுவை ஓடவிடும் முறையை வெளியிட்டார். கேஸ் குரோமட்டோகிராபி பிறந்தது.

இன்று ஆய்வகங்களில் மூன்று வடிவங்கள் வழக்கில் உள்ளன. எளியது மெல்லடுக்கு முறை. சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் மாதிரியைப் புள்ளி வைத்து, பக்கத்தில் சுத்தமான ஹெராயினையோ கொக்கேனையோ ஒப்பீட்டுக்காக இன்னொரு புள்ளி வைத்து, தகட்டைக் கரைப்பானில் நிறுத்துவார்கள். கரைப்பான் மேலேற ஏறப் புள்ளிகளும் ஏறும். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றால் ஒரே பொருளாக இருக்க வாய்ப்புண்டு. செலவு குறைவு, இந்திய மாநில ஆய்வகங்களில் இன்றும் அன்றாட வேலை.

இரண்டாவது, கேஸ் குரோமட்டோகிராபி. மிக நுண்ணிய உள்விட்டமும் முப்பது மீட்டர் நீளமும் உள்ள சிலிக்கா குழாய் சுருளாக ஓர் அடுப்புக்குள் இருக்கும். சூடேறி ஆவியான மாதிரியை ஹீலியம் வாயு அதற்குள் தள்ளிச் செல்லும். ஒவ்வொரு பொருளும் தனக்கான நிமிடத்தில் வெளியே வரும். பிரிப்பதில் இதற்கு இணை குறைவு. ஆனால் சூடு சில மூலக்கூறுகளையே மாற்றிவிடும். பச்சைக் கஞ்சாச் செடியில், போதை தரும் டிஎச்சியின் பெரும்பகுதி அமில வடிவில்தான் இருக்கிறது. கருவியின் சூட்டில் அமிலப் பகுதி கழன்று டிஎச்சியாகிவிடும். மாயக் காளான்களின் சைலோசைபினும் சூட்டில் பாஸ்பேட்டை இழந்து சைலோசினாகிவிடும். கருவி காட்டுவது மாதிரியில் இருந்ததையா, கருவிக்குள் உருவானதையா என்று ஆய்வாளர் யோசித்தே ஆக வேண்டும்.

அதற்குத்தான் மூன்றாவது வடிவம்: திரவ குரோமட்டோகிராபி. சூடு இல்லை, நுண்துகள்கள் நெருக்கி அடைத்த குழாயில் கரைப்பானை உயர் அழுத்தத்தில் செலுத்துவார்கள். இரத்தம், சிறுநீர், தலைமுடி என்று நுண்ணிய அளவுகளைத் தேடும் இடங்களில் இதுவே ஆள்கிறது.

மூலக்கூறின் கைரேகை

பிரித்தாயிற்று. ஏழாவது நிமிடத்தில் ஏதோ ஒன்று வெளியே வந்தது. அது கொக்கேன்தானா? வரும் நேரம் மட்டும் போதாது; இன்னொரு பொருளும் அதே நேரத்தில் வரலாம். அடையாளத்தை உறுதிசெய்யும் பொறுப்பு நிறை நிறமாலைமானிக்கு. 1950களின் நடுவில் அமெரிக்காவின் டவ் வேதியியல் நிறுவனத்தில் ஃபிரெட் மெக்லாஃபர்ட்டியும் ரோலண்ட் கோல்கேயும் கேஸ் குரோமட்டோகிராபியையும் நிறை நிறமாலைமானியையும் ஒன்றாக இணைத்தார்கள். குழாயிலிருந்து வரும் மூலக்கூறை எலக்ட்ரான் கற்றை தாக்கி உடைக்கும். உடைந்த துண்டுகளின் நிறையைக் கருவி அளக்கும். கொக்கேன் என்றால் முழு மூலக்கூறின் 303, துண்டுகளான 182, 82 ஆகியவை தூக்கலாகத் தெரியும். ஹெராயினுக்கு 369, 327. ஒரே மூலக்கூறு ஒரே சூழலில் எப்போதும் ஒரே விதமாகத்தான் உடைகிறது.

இதற்கும் எல்லை உண்டு. மெத்தாம்பெட்டமைனையும், உடல் எடையைக் குறைக்கத் தரும் ஃபென்டெர்மைனையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, நிறை 149. இரண்டும் உடையும்போது மேலோங்கித் தெரியும் துண்டு 58. நிறை நிறமாலையை மட்டும் பார்த்தால் தடுமாற்றம் வரும். குழாயிலிருந்து வெளிவரும் நேரம் இரண்டையும் பிரித்துவிடும். பிரிக்கும் முறையும் அடையாளம் காணும் முறையும் ஒன்றையொன்று காப்பாற்றுவது இப்படித்தான்.

மூலக்கூறை உடைக்காமலே பார்க்கும் வழிகளும் உண்டு. அகச்சிவப்பு ஒளியை ஒரு பொருள் எந்த அலைநீளங்களில் விழுங்குகிறது என்று பார்ப்பது ஒன்று. அணுக்கள் எந்த இடத்தில் இணைந்திருக்கின்றன என்பதை அது காட்டிக்கொடுக்கும். நிறை நிறமாலை தடுமாறும் இடங்களில் கைகொடுக்கும். இன்னொன்று, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல். அந்த ஆய்வில் அவரோடு உழைத்தவர் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ஒரு பொருளின் மீது ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தின் அளவு மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. அன்று சூரிய ஒளியில் தொடங்கி நடந்த அந்த ஆராய்ச்சியின் பயனாக, இன்று சுங்க அதிகாரியின் கையில் லேசர் பொருத்திய கையடக்கக் கருவி இருக்கிறது. பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே உள்ளே உள்ள பொடியை அது படித்துவிடும். ஃபென்டனில் போன்ற, மிகச் சிறு அளவிலேயே உயிரைப் பறிக்கும் பொருள்கள் புழங்கும் காலத்தில் பையைத் திறக்க வேண்டியதில்லை என்பது பெரிய பாதுகாப்பு. பழுப்பு ஹெராயினில் அசுத்தங்கள் ஒளிர்ந்து சேதியை மூழ்கடிப்பதும், கலவையில் சிறுபங்காக இருக்கும் பொருள் தென்படாமல் போவதும் இதன் குறைகள்.

இந்த அனுபவங்களையெல்லாம் சேர்த்துத்தான், 1997இல் அமெரிக்கா முன்னெடுத்து உருவான போதைப்பொருள் பகுப்பாய்வு வல்லுநர் குழு, முறைகளை மூன்று வகையாகப் பிரித்தது. நிறை நிறமாலை, அகச்சிவப்பு, ராமன் போன்றவை முதல் வகை. குரோமட்டோகிராபி வடிவங்கள் இரண்டாம் வகை. நிறச் சோதனைகள் மூன்றாம் வகை. முதல் வகையில் ஒன்றும், அதோடு வேறோர் இயல்பைச் சோதிக்கும் இன்னொரு முறையும் சேர்ந்தால் அடையாளம் உறுதி. இந்த எளிய விதி ஹூஸ்டன் வீதிகளில் பின்பற்றப்பட்டிருந்தால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சிதைந்திருக்காது.

எவ்வளவு என்ற கேள்வி

இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை அளவைப் பொறுத்தது. ஹெராயினில் 5 கிராம் வரை சிறு அளவு. 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. கஞ்சாவுக்கு இவை 1 கிலோ, 20 கிலோ. எல்எஸ்டிக்கு 0.002 கிராம், 0.1 கிராம். சிறு அளவு என்றால் அதிகபட்சம் ஓராண்டு. வணிக அளவு என்றால் குறைந்தது பத்தாண்டு, ஜாமீனும் அரிது.

அப்படியானால் எடை போட வேண்டியது எதை? 2008இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் பிடிபட்ட பொடி சுமார் 4 கிலோ. ஆய்வகம் அதில் 1.4, 1.6 விழுக்காடுதான் ஹெராயின் என்றது. கணக்கிட்டால் சுமார் 60 கிராம். தூய எடைதான் கணக்கு என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு, முழுக் கலவையின் எடையே கணக்கு என்றது. 2020 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பை மாற்றி, கலவை முழுவதையும் எடை போட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இலங்கையில் வழி வேறு. அங்கே அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் தூய ஹெராயின் இத்தனை கிராம் என்று கணக்கிட்டுத் தரும் அளவே வழக்கைத் தீர்மானிக்கிறது. 2 கிராம் என்ற எல்லை மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குக் கொண்டுபோகும். பாக் நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே பொடி இரண்டு வெவ்வேறு எடைகளோடு நீதிமன்றத்துக்குள் போகிறது.

எல்எஸ்டியில் இந்தக் கேள்வி உச்சத்துக்குப் போனது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பார்த்த வழக்கில் எல்எஸ்டி ஊறவைத்த ஆயிரம் தாள் துண்டுகளின் எடை 5.7 கிராம், அதில் எல்எஸ்டி ஏறக்குறைய 50 மில்லிகிராம். தாளின் எடையும் சேரும் என்று தீர்ப்பானது.

அளவைச் சட்டம் மாற்றினால் ஆய்வகமும் மாறியாக வேண்டும். 2018இல் அமெரிக்கா, 0.3 விழுக்காட்டுக்கு மேல் டிஎச்சி இல்லாத சணல் வகைக் கஞ்சாச் செடியைச் சட்டபூர்வமாக்கியது. அதுவரை நுண்ணோக்கியில் இலையின் மேலுள்ள வளைந்த மயிர்களைப் பார்த்து, டுகெனுவா சோதனையில் ஊதா கண்டால் போதும். ஒரே நாளில் அது போதாமல் போனது. செடி கஞ்சாதான் என்பதை அந்தச் சோதனை சொல்லும், டிஎச்சி எத்தனை விழுக்காடு என்று சொல்லாது. டெக்சாஸ் மாநிலம் 2019இல் இதைப் பின்பற்றிச் சட்டம் இயற்றியதும், அளந்து சொல்லும் வசதி இல்லாத மாவட்டங்களில் அரசு வழக்கறிஞர்கள் கஞ்சா வழக்குகளைக் கைவிட நேர்ந்தது.

இதற்கெல்லாம் முந்தியது மாதிரி எடுப்பது. நூறு பொட்டலங்களில் ஒன்றைச் சோதித்துவிட்டு நூறையும் தீர்ப்பிட முடியாது. இந்தியாவில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1989ஆம் ஆண்டு நிலையாணை அபின், கஞ்சா, சரஸ் மூன்றுக்கும் 24 கிராமும், மற்றவற்றுக்கு 5 கிராமும் மாதிரி வேண்டும் என்றது. மாதிரியை முறையாகக் கலந்து எடுக்கவில்லை, முத்திரை பொருந்தவில்லை, அனுப்பத் தாமதமாயிற்று என்ற காரணங்களால் வழக்குகள் உடைவதை நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி காணலாம். உலகின் மிக நுட்பமான கருவியும் தன்னிடம் வந்து சேர்ந்ததைத்தான் அளக்கும்.

உடல் வைத்திருக்கும் சாட்சி

1971 ஜூனில் வியட்நாமிலிருந்து திரும்பும் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் புதிய நிபந்தனை வந்தது: சிறுநீரில் ஹெராயின் தடயம் இருந்தால் விமானம் ஏற முடியாது. பெருந்திரளான மாதிரிகளை விரைவாகச் சோதிக்க உதவியது எதிர்ப்பொருள் நுட்பம். ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்க உருவாக்கிய அந்த நுட்பத்துக்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தயாரித்து, அது சிறுநீரில் எதைப் பற்றுகிறது என்று பார்ப்பதே அடிப்படை. கர்ப்பப் பரிசோதனை போலக் கோடு காட்டும் இன்றைய பட்டைகளும் இதே குடும்பம்.

எதிர்ப்பொருளும் ஏமாறும். லீவோஃப்ளோக்சசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் அபின் வகைச் சோதனையில் பொய்ச் சேதி தந்திருக்கின்றன. சளி மருந்தின் சூடோஎஃபெட்ரின் ஆம்பெட்டமைன் பட்டையைக் குழப்பக்கூடும். ஆகவே பட்டை ‘இருக்கிறது’ என்றால், குரோமட்டோகிராபியும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்து உறுதிசெய்த பிறகே யாரையும் குறைசொல்ல வேண்டும்.

உறுதி செய்தாலும் விளக்கம் தேவைப்படும். குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசா அபின் செடியின் விதை. அதன் மேல்தோலில் மார்ஃபின் தடயம் ஒட்டியிருக்கும். கசகசா சேர்த்த உணவு சாப்பிட்டவரின் சிறுநீரில் உண்மையாகவே மார்ஃபின் இருக்கும். இதற்காகவே அமெரிக்க அரசு, பணியிடச் சோதனையில் அபின் வகைக்கான வரம்பை 1998இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000ஆக உயர்த்தியது. ஹெராயின்தானா என்று தீர்க்க 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்ற பொருளைத் தேடுவார்கள். ஹெராயின் உடலில் சிதையும்போது உருவாகும் அது கசகசாவிலிருந்து வராது. சிறுநீரில் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும் என்பதால் நேரம் முக்கியம். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் போன்ற நாடுகள் கசகசாவையே தடைசெய்திருப்பது வளைகுடா செல்லும் தமிழர்கள் மறக்கக் கூடாத சேதி.

நெடுநாள் கணக்கைத் தலைமுடி வைத்திருக்கும். மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், வேரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய மூன்று மாத வரலாறு. ஆனால் கறுத்த முடியின் மெலனின் சில போதைப்பொருள்களை அதிகம் பற்றிக்கொள்ளும். ஒரே அளவு எடுத்த இருவரில் கருமுடிக்காரருக்கு அதிக எண் வரலாம் என்பதை நீதி வழங்குவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

2002 அக்டோபரில் மாஸ்கோவின் துப்ரோவ்கா அரங்கில் பிணைக்கைதிகளை மீட்க ரஷ்யப் படைகள் ஒரு வாயுவைச் செலுத்தின. நூற்றுக்கு மேற்பட்ட பிணைக்கைதிகள் இறந்தார்கள். என்ன வாயு என்று முழுமையாக வெளியே சொல்லப்படவில்லை. உயிர்தப்பிய பிரிட்டிஷ்காரர்களின் உடைகளையும் சிறுநீரையும் போர்ட்டன் டவுன் ஆய்வகம் திரவ குரோமட்டோகிராபியும் இரட்டை நிறை நிறமாலைமானியும் கொண்டு ஆராய்ந்தது. கார்ஃபென்டனிலும் ரெமிஃபென்டனிலும் இருந்ததாக 2012இல் அறிவித்தது. ஓர் அரசு சொல்லாததைத் துணியில் ஒட்டிய தடயம் சொன்னது.

ஊரும் தோட்டமும்

கொக்கேன் எந்த மலையில் விளைந்தது என்றும் ஆய்வகம் சொல்லும். மண்ணும் மழையும் செடியின் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்பு விகிதங்களில் தடம் பதிக்கின்றன. உடன்வரும் சிறு ஆல்கலாய்டுகளின் அளவும் பகுதிக்குப் பகுதி மாறும். 2000இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, பொலிவியா, கொலம்பியா, பெரு நாடுகளின் 200 மாதிரிகளில் 96 விழுக்காட்டை விளைந்த நாட்டோடு சரியாகப் பொருத்தியது. 2003இல் ஆஸ்திரேலியக் கரையில் வடகொரியக் கப்பல் போங் சூ இறக்கிய, நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஹெராயின், அதுவரை தெரிந்த எந்தப் பிரதேசத்தின் வேதி அடையாளத்தோடும் பொருந்தவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது.

ஒரு நகரமே சாட்சி சொல்லவும் கூடும். 2005இல் மிலானின் மரியோ நெக்ரி ஆய்வு நிறுவனத்தினர் இத்தாலியின் போ ஆற்று நீரில், கொக்கேன் உடலில் சிதைந்து உருவாகும் பென்சோயில்எக்கோனினை அளந்தார்கள். கணக்கிட்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோ கொக்கேனுக்கு இணை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் கணக்கெடுப்புகள் காட்டியதைவிட இது மிக அதிகம். அதன்பிறகு ஐரோப்பிய நகரங்களின் கழிவுநீரை ஆண்டுதோறும் ஒரே வாரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டு முயற்சி வளர்ந்தது. எம்டிஎம்ஏவும் கொக்கேனும் வார இறுதியில் ஏறுவது அங்கே தெளிவாகத் தெரிகிறது. இங்கே யாருடைய பெயரும் இல்லை, யாரும் கைதாவதில்லை. சிகிச்சை மையம் எங்கே வேண்டும் என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கிறது.

பட்டியலில் இல்லாத மூலக்கூறு

இன்றைய ஆய்வகத்தின் பெரிய சோதனை, இதுவரை யாரும் பார்த்திராத பொருள். ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் எச்சரிக்கை அமைப்பில் பதிவான புதிய மனமயக்கப் பொருள்கள் 1,200ஐத் தாண்டிவிட்டன. சட்டம் ஒரு மூலக்கூறைத் தடைசெய்தால், அதில் ஓர் அணுத்தொகுதியை மாற்றி அடுத்ததை விற்கிறார்கள். ஒப்பிடச் சுத்தமான மாதிரி இல்லாவிட்டால் கருவி வெறும் எண்களைத்தான் தரும். நைட்டசீன் வகை இதற்குச் சான்று. 1950களில் சுவிட்சர்லாந்து மருந்து நிறுவனம் ஒன்றில் வலிநிவாரணியாக உருவாக்கப்பட்டு, சந்தைக்கு வராமலே போன அவ்வகை, 2019 முதல் தெருவில் தென்படத் தொடங்கியது. ஃபென்டனிலுக்கான பட்டை அதைக் காட்டாது.

கலப்படத்தின் நுணுக்கமும் சேர்ந்துகொள்கிறது. கனடாவின் வான்கூவரில் போதைப்பொருள் பயன்படுத்துவோர் தம் பொடியைக் கொண்டுவந்து சோதித்துப் பார்க்க அகச்சிவப்புக் கருவி வைத்த மையங்கள் உள்ளன. கலவையில் ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதை அது தவறவிடும். ஃபென்டனில் அதற்குக் குறைவாக இருந்தாலும் கொல்லும். எனவே பட்டையும் கருவியும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்படுகின்றன.

சோதனை உயிர் காக்கும் என்பதற்கு நெதர்லாந்து நல்ல சான்று. 1992 முதல் அங்கே மாத்திரைகளை ஆய்வகத்தில் சோதித்துச் சொல்லும் அரசு ஆதரவு அமைப்பு இயங்குகிறது. 2014 டிசம்பரில் சூப்பர்மேன் முத்திரை பொறித்த மாத்திரையில் எம்டிஎம்ஏவுக்குப் பதிலாகப் பிஎம்எம்ஏ என்ற கொடிய பொருள் மிகுதியாக இருப்பதை அது கண்டது. நாடு முழுக்க எச்சரிக்கை பரவியது. அதே மாத்திரை பிரிட்டனுக்கும் போயிருந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் காலத்தில் அங்கே நான்கு பேர் இறந்தார்கள்.

கருவிக்குப் பின்னே இருப்பவர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு மாநில ஆய்வகத்தில் 2012இல் வெளிவந்த மோசடி, கருவிகளைப் பற்றியதே அல்ல. மற்றவர்களைவிடப் பல மடங்கு வேகமாக வேலை முடிப்பதாகப் பாராட்டப்பட்ட ஒரு வேதியியலாளர், பல மாதிரிகளைச் சோதிக்காமலே முடிவு எழுதியிருந்தார். 2017இல் 21,587 வழக்குகள் ஒரேயடியாகத் தள்ளுபடியாயின. இந்த மோசடி வெளிவருவதற்கு முன்பே, 2009இல், அதே மாநிலத்தின் கொக்கேன் வழக்கு ஒன்றில், ஆய்வறிக்கையை எழுதியவர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பின் அருமை பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது.

இந்தியாவில் அரசு அறிவியல் வல்லுநரின் அறிக்கையை அவரை அழைக்காமலே சான்றாக ஏற்கலாம். அழைப்பது நீதிமன்றத்தின் விருப்பம். குற்றம்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் எந்த முறை, எந்த ஒப்பீட்டு மாதிரி, எந்த வரைபடம் என்று கேட்க வாய்ப்பு குறைகிறது. ‘ஹெராயின் இருப்பதாகக் கண்டறியப்பட்டது’ என்ற ஒற்றை வரி பத்தாண்டுச் சிறையைத் தாங்கும் அளவு வலிமையானதல்ல. வரைபடங்களும் மூலத் தரவுகளும் அறிக்கையோடு சேர்ந்து எதிர்த்தரப்புக்கும் கிடைக்க வேண்டும். ஆய்வறிக்கை இல்லாமல் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை முழுமையானதா என்பதில் உயர் நீதிமன்றங்களே மாறுபட்டு நிற்கின்றன. அந்தக் காத்திருப்பில் உள்ளே இருப்பவர் விடுதலையாக வேண்டியவராகவும் இருக்கலாம்.

2022 டிசம்பரில் வந்த மத்திய அரசின் விதிகள், மாதிரி கிடைத்த பதினைந்து நாளில் ஆய்வகம் அறிக்கை தர வேண்டும் என்கின்றன. அளவைக் கணக்கிடக் கூடுதல் நாள் தேவைப்பட்டால், என்ன பொருள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அடுத்த பதினைந்து நாளில் எவ்வளவு என்பதைச் சொல்லலாம். இந்தக் கெடு நிறைவேற, மாவட்டங்களை ஒட்டிய ஆய்வகங்களுக்கு நிறை நிறமாலைமானிகளும், புதிய பொருள்களுக்கான ஒப்பீட்டு மாதிரிகளும், காலியிடங்கள் நிரப்பப்பட்ட பணியாளர் பட்டியலும் வேண்டும். அவற்றுக்கான பணம், கடத்தலைப் பிடிக்கும் படைகளுக்கு ஒதுக்கும் பணத்தோடு அதே வரவுசெலவுத் திட்டத்தில், அதே அவசரத்தோடு ஒதுக்கப்பட வேண்டும்.